கரண்ட் என்ற ஒரே சொல்: வீட்டு மின்சாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷனில் மின்னியல் பாடம் எடுக்கிறேன். அதற்கு முன்னால், பள்ளி லீவு நாட்களில், வயர்மேன் வேலை பார்த்த சித்தப்பாவுக்குப் பின்னால் ஏணியும் டூல்ஸ் பையும் தூக்கிக்கொண்டு அலைந்தவன். அதனால் என்னிடம் இரண்டு வகைக் கேள்விகள் வரும். "சார், ஓம் விதியை நிறுவுக" என்பது ஒன்று. "தம்பி, பிரிட்ஜைத் தொட்டா சுர்ருங்குதே, ஏன்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பது இன்னொன்று. இரண்டாவது வகைதான் எனக்குப் பிடித்தது. அதிலிருந்து தேறியவை இங்கே.

கரண்ட், வோல்டேஜ், வாட்ஸ், யூனிட் எல்லாம் ஒன்றுதானே? ஏன் இத்தனை பெயர்?

ஒன்று இல்லை. குழப்பத்துக்குக் காரணம் நம் பேச்சுதான். "கரண்ட் போச்சு" என்கிறோம், போனது சப்ளை. "சாயங்காலமானா கரண்ட் கம்மியா வருது" என்கிறோம், கம்மியானது வோல்டேஜ். "கரண்ட் பில்" என்கிறோம். காசு கட்டுவது ஆற்றலுக்கு. "கரண்ட் அடிச்சிருச்சு" என்னும்போது மட்டும்தான் நிஜமாகவே கரண்ட்டைச் சொல்கிறோம். இந்த நாலையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

கரண்ட் என்பது மின்னோட்டம். கம்பியின் ஓர் இடத்தில் நின்று பார்த்தால் நொடிக்கு எவ்வளவு மின்னூட்டம் கடந்து போகிறது என்ற கணக்கு. அளவு ஆம்பியரில். 1 ஆம்பியர் ஓடினால் நொடிக்குச் சுமார் 62,400 கோடி கோடி எலக்ட்ரான்கள் அந்த இடத்தைக் கடக்கின்றன. அவ்வளவு எலக்ட்ரான்களின் மொத்த மின்னூட்டத்துக்குப் பெயர் 1 கூலூம்.

வோல்டேஜ் ஓடுகிற பொருளே இல்லை. இரண்டு இடங்களுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம் அது. நம் ப்ளக் பாயின்ட்டில் 230 வோல்ட் என்றால், ஒரு ஓட்டையிலிருந்து இன்னொரு ஓட்டைக்கு உங்கள் சாதனம் வழியாகப் போகும் ஒவ்வொரு கூலூமும் 230 ஜூல் ஆற்றலைச் சாதனத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் என்று பொருள். "இந்த ஒரு வயரில் எத்தனை வோல்ட்?" என்று கேட்டால், "எதைப் பொறுத்து?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

வாட் என்பது ஆற்றல் தீரும் வேகம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கும். 75 வாட் சீலிங் ஃபேன் 0.33 ஆம்பியர்தான். ஃபேன் போன்ற மோட்டார்களில் இந்தப் பெருக்கல் கொஞ்சம் பிசகும். வீட்டுக் கணக்குக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

யூனிட் என்பது ஆற்றலின் மொத்தம். 1000 வாட் சாதனம் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். ஜூல் கணக்கில் 36 லட்சம். இது எவ்வளவு பெரியது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு கணக்குப் போடச் சொல்வேன்: மொட்டை மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டி நிறையத் தண்ணீரை 1 யூனிட் ஆற்றலால் எவ்வளவு உயரம் ஏற்றலாம்? வீணாவதை விட்டுவிட்டால் விடை 367 மீட்டர். நூறு மாடிக் கட்டடத்தின் உச்சிக்கே கொண்டு போய்விடலாம். அந்த அளவு ஆற்றலைத்தான் ஒரு மணி நேரம் துணி தேய்த்துத் தீர்க்கிறோம்.

ஸ்விட்ச் போட்ட அடுத்த கணமே லைட் எரிகிறதே, எலக்ட்ரான் அவ்வளவு வேகமாகவா ஓடுகிறது?

நத்தை அதைவிட வேகம். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு உள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் நேர்திசை மின்னோட்டம் ஓடினால், எலக்ட்ரான்கள் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. ஒரு மணி நேரத்தில் சுமார் 26 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். வீட்டில் வருவது மாறுதிசை மின்னோட்டம் என்பதால் இந்த ஒரு சாண் பயணம்கூட இல்லை. நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகின்றன. அந்த ஆட்டத்தின் நீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உங்கள் ஸ்விட்ச் பக்கத்தில் இருக்கிற எலக்ட்ரான் பல்பு வரைக்கும் ஒருநாளும் வந்து சேரப் போவதில்லை.

பிறகு எப்படி உடனே எரிகிறது? சைக்கிள் செயினைப் பாருங்கள். பெடலை மிதித்த உடனே பின் சக்கரம் சுற்றுகிறது. பெடல் பக்கம் இருந்த கண்ணி பின் சக்கரத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்ததாலா சுற்றியது? செயின் முழுக்க ஏற்கெனவே கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று நகர்ந்தால் எல்லாமே நகரும். கம்பியிலும் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்து கிடக்கின்றன. ஸ்விட்ச் போட்டதும் "நகரு" என்ற தள்ளல் மட்டும் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் கம்பியோடு பரவுகிறது.

பல்பில் கரண்ட் செலவாகிவிடுகிறது என்றால் திரும்பிப் போக இன்னொரு வயர் எதற்கு?

கரண்ட் செலவாகவில்லை, அதனால்தான் இன்னொரு வயர். பல்புக்குள் 0.26 ஆம்பியர் போனால் வெளியே வருவதும் அதே 0.26 ஆம்பியர். ஒரு துளிகூடக் குறையாது. அதே சைக்கிள் செயின்தான்: சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பும் செயினில் ஒரு கண்ணியும் தேய்ந்து காணாமல் போவதில்லை. காலின் உழைப்பு மட்டும் சக்கரத்துக்குப் போயிருக்கிறது. செயினை ஓரிடத்தில் கழற்றினால் முழுச் செயினும் நிற்பது போலவே, மின்சுற்றை எங்கே அறுத்தாலும் முழுச் சுற்றிலும் ஓட்டம் நிற்கும். ஸ்விட்ச் செய்வது அதைத்தான்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் "இரண்டு பல்புகள் தொடரிணைப்பில் உள்ளன, முதல் பல்புக்குப் பிறகு மின்னோட்டம் குறையுமா?" என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் "குறையும்" என்று எழுதுவார்கள். இருபது வருடமாக இது மாறவில்லை.

கரண்ட் ப்ளஸ்ஸிலிருந்து மைனஸுக்கா, மைனஸிலிருந்து ப்ளஸ்ஸுக்கா?

புத்தகத்தில் அம்புக்குறி ப்ளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு. கம்பியில் எலக்ட்ரான் நகர்வது நேர் எதிர்த்திசையில். எது ப்ளஸ், எது மைனஸ் என்று பெஞ்சமின் பிராங்க்ளின் பெயர் வைத்தது 18-ஆம் நூற்றாண்டில், ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தது 1897-இல். அதற்குள் எல்லா விதிகளும் பழைய திசையிலேயே எழுதப்பட்டுவிட்டன. கணக்கு எந்தத் திசையில் போட்டாலும் சரியாகத்தான் வரும் என்பதால் யாரும் மாற்றவில்லை.

ஓம் விதியை வைத்து வீட்டில் என்ன செய்ய முடியும்?

ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்டது இது. கம்பியின் சூடு மாறாத வரைக்கும், வோல்டேஜை இரட்டிப்பாக்கினால் கரண்ட்டும் இரட்டிப்பாகும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கிடைக்கும் மாறாத எண்தான் மின்தடை; அலகு ஓம்.

லோ வோல்டேஜ் தொல்லையை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். 1000 வாட் அயர்ன் பாக்ஸின் மின்தடை சுமார் 53 ஓம். வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால் கரண்ட்டும் அதே விகிதத்தில் இறங்கும். இரண்டும் இறங்குவதால் வாட் இரட்டை அடி வாங்கும்: 1000 வாட் பெட்டி 612 வாட்தான் தரும். வோல்டேஜில் நூற்றுக்கு 22 குறைந்ததற்கு, சூட்டில் 39 குறைந்துவிட்டது. "பாக்ஸ் சூடே ஏறலை" என்று அம்மா அலுத்துக்கொள்வது நியாயம்தான்.

"சூடு மாறாத வரைக்கும்" என்று சொன்னேனே, அதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய 60 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். எரியும்போது அதன் மின்தடை கணக்குப்படி 882 ஓம். அணைத்து ஆறவைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை 2,000 டிகிரிக்கும் மேல் சூடாகும்போதுதான் மின்தடை ஏறுகிறது. ஆகவே ஸ்விட்ச் போடும் முதல் கணத்தில், இழை குளிர்ந்திருக்கும்போது, வழக்கமான கரண்ட்டைப்போல் பத்து மடங்குக்கும் மேல் பாய்கிறது. குண்டு பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே "டிக்" என்று பீஸ் போவது இதனால்தான்.

கோயில் திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் ஒரு வரிசையே அணைகிறது. வீட்டில் அப்படி ஆவதில்லையே?

சீரியல் என்ற பெயரிலேயே பதில் இருக்கிறது. அந்த வரிசையில் எல்லாப் பல்புகளும் ஒரே சங்கிலி. ஒன்றின் வழியாகப் போய்த்தான் அடுத்ததற்குள் நுழைய முடியும். ஒன்று அறுந்தால் சங்கிலி அறுந்தது. சின்னச் சின்னப் பல்புகளுக்கு 230 வோல்ட்டைப் பங்கு போட்டுக் கொடுக்க அதுதான் எளிய வழி. வீட்டு வயரிங் பக்க இணைப்பு. ஒவ்வொரு லைட்டும், ஃபேனும், ப்ளக் பாயின்ட்டும் தனித்தனியாக ஃபேஸுக்கும் (சப்ளை வரும் வயர்) நியூட்ரலுக்கும் (திரும்பிப் போகும் வயர்) நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முழு 230. ஒன்று போனால் மற்றதற்கு ஒன்றும் இல்லை.

சித்தப்பா என்னை முதன்முதலில் முட்டாளாக்கியது இதில்தான். ஒரு பலகையில் இரண்டு ஹோல்டர், தொடரிணைப்பில். ஒன்றில் 60 வாட் குண்டு பல்பு, ஒன்றில் 100 வாட். "எதுடா பிரகாசமா எரியும்?" என்றார். 100 என்றேன். ஸ்விட்ச் போட்டார். 60 வாட் பல்பு மங்கலான மஞ்சளில் எரிந்தது. 100 வாட் பல்புக்குள் சிவந்த இழை மட்டும் தெரிந்தது. காரணம்: 60 வாட் பல்புக்கு 882 ஓம், 100 வாட் பல்புக்கு 529 ஓம். தொடரிணைப்பில் இரண்டிலும் ஒரே கரண்ட். அதனால் எதற்கு மின்தடை அதிகமோ அதற்குத்தான் வோல்டேஜில் பெரிய பங்கு. பல்பின் மேல் எழுதியிருக்கிற வாட் 230 வோல்ட் முழுசாகக் கிடைத்தால் மட்டும் உண்மை.

தெருவில் நியூட்ரல் போனால் டிவி எரிகிறது என்கிறார்கள். ஒரு வயர் அறுந்தால் சப்ளை நிற்கத்தானே வேண்டும், எப்படி வோல்டேஜ் கூடும்?

மேலே சொன்ன இரண்டு பல்பு விளையாட்டுத்தான், தெரு அளவில்.

எங்கள் தெருவில் ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் நடந்தது. திடீரென்று எங்கள் வீட்டு டியூப்லைட் பளீரென்று வெளுத்தது. ஃபேன் கழன்று பறந்துவிடுமோ என்கிற மாதிரி இரைந்தது. எட்டிப் பார்த்தால் எதிர் வீட்டில் லைட் எல்லாம் அகல்விளக்கு மாதிரி. நான் ஓடிப்போய் மெயினை இறக்குவதற்குள் பக்கத்து வீட்டில் டிவியும் செட்டாப் பாக்ஸும் போய், பிளாஸ்டிக் கருகும் வாடை சந்து வரைக்கும் வந்தது. அரை மணி நேரத்தில் லைன்மேன் ஏறிப் பார்த்தார். போஸ்ட்டில் நியூட்ரல் இணைப்பு துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

தெருக் கம்பத்தில் மூன்று ஃபேஸ் கம்பிகள், ஒரு நியூட்ரல். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே சுமார் 400. என் வீடு ஒரு ஃபேஸ், எதிர் வீடு இன்னொரு ஃபேஸ். நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை இருவருக்கும் தனித்தனி 230. அது டிரான்ஸ்பார்மர் பக்கம் அறுந்துவிட்டால்? என் வீட்டு நியூட்ரலும் எதிர் வீட்டு நியூட்ரலும் ஒன்றோடொன்று மட்டும் சேர்ந்திருக்கும். இப்போது இரண்டு வீடும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடரிணைப்பில் மாட்டிய இரண்டு பல்புகள்.

கணக்குப் போடுவோம். எதிர் வீட்டில் அயர்ன் பாக்ஸ் ஓடுகிறது, 53 ஓம். என் வீட்டில் இரண்டு 60 வாட் பல்பு மட்டும், சேர்த்து 441 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 400 வோல்ட்டில் என் பங்கு 357, எதிர் வீட்டின் பங்கு 43. அவர்கள் பாக்ஸ் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. என் வீட்டில் இருப்பதெல்லாம் எரியும். குறைவாக மின்சாரம் செலவழித்தவனுக்குத்தான் அடி. மூன்றாவது ஃபேஸையும் சேர்த்தால் கணக்கு சிக்கலாகும், ஆனால் கதை அதேதான்.

ஆகவே, லைட் திடீரென்று வழக்கத்தைவிடப் பிரகாசமானால் வேடிக்கை பார்க்காமல் உடனே மெயினை இறக்குங்கள். லைட் மங்குவதைவிட அது ஆபத்து.

ஃபியூஸ், எம்சிபி, ஆர்சிசிபி மூன்றும் ஒரே வேலையா?

எம்சிபி, கரண்ட் அளவு மீறினால் தானே இறங்கும் ஸ்விட்ச். ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் தானே இறங்கும் ஸ்விட்ச். மூன்றில் முதல் இரண்டும் வயரைக் காப்பாற்றும். மூன்றாவது ஆளைக் காப்பாற்றும். இந்த வித்தியாசம் தெரியாமல் "எம்சிபி போட்டாச்சு, இனி ஷாக் அடிக்காது" என்று நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம்.

ஃபியூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாக வைத்த ஓர் இடம். கரண்ட் ஓடும் கம்பியில் உண்டாகும் சூடு, கரண்ட்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கரண்ட் மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்கு. சுவருக்குள் இருக்கும் வயர் உருகுவதற்கு முன் பீங்கான் கட்டைக்குள் இருக்கும் மெல்லிய கம்பி உருகி விழ வேண்டும். எங்கள் பழைய வீட்டில் பீஸ் அடிக்கடி போகிறதென்று யாரோ, ஃப்ளெக்சிபிள் வயரிலிருந்து நாலைந்து செம்பு இழைகளை முறுக்கிக் கட்டிவிட்டிருந்தார்கள். பீஸ் போவது நின்றது. ஆறு மாதம் கழித்து சித்தப்பா ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தபோது உள்ளே வயர்களின் மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையில் வந்தது. ஃபியூஸுக்கு வர வேண்டியதைச் சுவர் வாங்கியிருந்தது.

எம்சிபிக்குள் இரண்டு காவலர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஓவர்லோடு ஆனால், இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை சூடேறி வளைந்து மெதுவாக இறக்கிவிடும். ஷார்ட் சர்க்யூட் என்றால் சூடேறக் காத்திருக்க நேரமில்லை. ஒரு கம்பிச் சுருள் காந்தமாகி உடனே தட்டிவிடும். சி வகை எம்சிபியில் எழுதியிருக்கும் ஆம்பியரைப்போல் 5 முதல் 10 மடங்கு கரண்ட் பாய்ந்தால் இந்தக் காந்தம் வேலை செய்யும்.

ஆனால் ஆள் சாக, 16 ஆம்பியர் எம்சிபியை இறக்கும் அளவு கரண்ட் தேவையில்லை. ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். அதை எம்சிபி ஏறெடுத்தும் பார்க்காது; ஒரு சின்ன பல்பு எரிகிறதென்று நினைத்துக்கொள்ளும். ஆர்சிசிபி பார்ப்பது வேறு கணக்கு. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா? கரண்ட் செலவாவதில்லை என்று முதலிலேயே சொன்னோம். போன அளவு திரும்பியே ஆக வேண்டும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால், அது யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். அதிலும் ஒரு ஓட்டை உண்டு: ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் போனதும் வந்ததும் சமம்தான். அதற்கு நீங்கள் இன்னொரு பல்பு மாதிரி. ஆர்சிசிபி மேல் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். முகப்பு அழகுக்காக வைத்த பட்டன் என்று நினைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எம்சிபி இருந்தும் கீசர் ப்ளக் உருகிவிட்டது. எம்சிபி கெட்டுப்போச்சா?

எம்சிபி நன்றாகத்தான் இருக்கிறது. லூஸ் கான்டாக்ட். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கிறது. சாக்கெட்டுக்குள் தளர்ந்த பித்தளையும் ப்ளக் பின்னும் சேருமிடத்தில் அரை ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வையுங்கள். அங்கே உண்டாகும் சூடு 38 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றை ப்ளக்குக்குள் மாட்டி வைத்தது போல. மொத்த கரண்ட் கூடவில்லை, சொல்லப்போனால் துளி குறைந்திருக்கிறது. எம்சிபி எதைப் பார்த்து இறங்கும்? ப்ளக் தொட்டால் சுடுகிறதா, சாக்கெட் ஓரம் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்க்க உங்கள் விரலும் கண்ணும்தான் உண்டு. ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தொடுங்கள்.

டெஸ்டரில் கையை வைத்தால் லைட் எரிகிறது, ஷாக் இல்லை. கம்பியில் காகம் உட்கார்ந்தால் ஒன்றும் ஆவதில்லை. எப்படி?

இரண்டும் வேறு வேறு காரணம். டெஸ்டரில் நீங்கள் சுற்றின் ஒரு பாகம்தான். கரண்ட் உங்கள் வழியாகத்தான் போகிறது. ஆனால் உள்ளே சுமார் 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்று இருக்கிறது. 230-ஐ 10 லட்சத்தால் வகுத்தால் கால் மில்லிஆம்பியருக்கும் குறைவு. நியான் விளக்குக்கு அது போதும்; உங்களுக்கு உறைக்காது. தண்ணீர் புகுந்த டெஸ்டரை நம்பாதீர்கள்.

காகத்தின் கதையில் சுற்றே இல்லை. இரண்டு காலும் ஒரே கம்பியில், நடுவே வோல்டேஜ் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. பழந்தின்னி வௌவாலும் மயிலும் இறக்கை விரித்தால் இரண்டு கம்பிகளை ஒரே நேரத்தில் தொட்டுவிடும். அவை செத்துத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

"வோல்டேஜ் கொல்லாது, ஆம்பியர்தான் கொல்லும்" என்கிறார்களே?

பாதி உண்மை, ஆபத்தான பாதி. உடம்பு வழியாக 1 மில்லிஆம்பியர் போனால் சுர்ரென்று தெரியும். 10-ஐ ஒட்டிப் போனால் தசை இறுகி, பிடித்த கை விடாது. 50, 100 என்று போய், பாதை நெஞ்சு வழியாக இருந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். ஆனால் அந்த ஆம்பியரை உடம்புக்குள் தள்ளுவது எது? வோல்டேஜ்தான். கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கக்கூடியது. இரண்டு முனையையும் காய்ந்த கையால் பிடித்தால் ஒன்றும் ஆகாது, 12 வோல்ட்டால் தோலைத் தாண்டி அவ்வளவு தள்ள முடியாது. அதே முனைகளுக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் தீப்பொறி பறக்கும். மோதிரம் மாட்டினால் விரல் வெந்துவிடும்.

ஈரக் கையோடு உடம்பின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கலாம். 230 வோல்ட்டில் அது 230 மில்லிஆம்பியர். காய்ந்த தோல் பல ஆயிரம் ஓம் தரும் என்றாலும் அதை நம்பி வேலை பார்க்கக் கூடாது. யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் தொட்டு இழுக்காதீர்கள், முதலில் மெயின். மெயின் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும், குழந்தைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று பின் ப்ளக்கில் மேல் பின் மட்டும் ஏன் நீளமாக, தடியாக இருக்கிறது? பிரிட்ஜ் ஏன் சுர்ரென்கிறது?

அது எர்த், சாதனத்தின் உலோக உடம்பைத் தரையோடு இணைக்கும் வழி. நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் சேரும், பிடுங்கும்போது கடைசியாக விலகும். சாதனத்துக்கு ஃபேஸ் கிடைக்கும் நேரமெல்லாம் எர்த்தும் இருக்கும். தடியாக இருப்பதால் மற்ற ஓட்டைக்குள் நுழையாது.

சாதனத்தின் உள்ளே ஃபேஸ் வயர் உரசி உலோக உடம்பைத் தொட்டால், எர்த் வழியாகப் பெரிய கரண்ட் பாய்ந்து எம்சிபியோ ஃபியூஸோ விழ வேண்டும். எர்த் இல்லையென்றால் அந்த உடம்பு 230 வோல்ட்டோடு சும்மா காத்திருக்கும், யாராவது தொடும்வரை. அக்கா வீட்டு பிரிட்ஜில் அந்த அளவு மோசமில்லை, சின்னக் கசிவு. ஆனால் எர்த் சரியாக இருந்திருந்தால் அந்தச் சுர்ரும் இருந்திருக்காது. போய்ப் பார்த்தால் மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் மாட்ட, எர்த் பின்னையே கழற்றி வைத்திருந்தார்கள். "அது சும்மாதானே தம்பி இருந்துச்சு" என்றார் அக்கா.

வீட்டுக்கு வருவது ஏன் ஏசி (மாறுதிசை மின்னோட்டம்), பேட்டரியில் ஏன் டிசி (நேர்திசை மின்னோட்டம்)?

பேட்டரிக்குள் வேதிவினை ஒரே பக்கம்தான் தள்ளும். 1800-இல் வோல்டா செய்த அடுக்கு முதல் ரிமோட் செல் வரைக்கும் அப்படித்தான். ஏசி வென்றதற்குக் காரணம் டிரான்ஸ்பார்மர். 1000 கிலோவாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் 4,300 ஆம்பியருக்கும் மேல் ஓட வேண்டும். அதையே 110 கிலோவோல்ட்டாக ஏற்றி அனுப்பினால் 9 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் சூடு கரண்ட்டின் இருமடி என்பதால், அதே கம்பியில் இழப்பு 2 லட்சம் மடங்குக்கும் மேல் குறைகிறது. இப்படி ஏற்றவும், தெருமுனையில் மறுபடி இறக்கவும் டிரான்ஸ்பார்மருக்கு மாறிக்கொண்டே இருக்கும் கரண்ட் வேண்டும்.

ரொம்பத் தூரம் என்றால் மறுபடி டிசி. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 800 கிலோவோல்ட் டிசி லைன் வருகிறது, 1,700 கிலோமீட்டருக்கும் மேல், 6,000 மெகாவாட் கொள்ளளவு.

150 ஆம்பியர்-ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

12 வோல்ட்டை 150-ஆல் பெருக்குங்கள்: 1800 வாட்-ஹவர், அதாவது 1.8 யூனிட். இரண்டு ஃபேன், மூன்று டியூப், ஒரு வைஃபை சேர்த்து 220 வாட் என்றால் காகிதத்தில் 8 மணி நேரம். நிஜத்தில் ஐந்து, ஆறு எதிர்பாருங்கள். இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்னும். பேட்டரியை அடிவரை வழிக்கவும் கூடாது. 150 என்ற எண்ணே பெரும்பாலும் 20 மணி நேரம் நிதானமாக, 7.5 ஆம்பியராக இறக்கினால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் அவ்வளவு தராது. 800 வாட் மிக்ஸியைப் போட்டால் பேட்டரி பக்கம் 67 ஆம்பியர் ஓடும். அந்த வயர் கட்டை விரல் தடிமனில் இருப்பது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஃபேனை ஒன்றில் வைத்தால் பில் குறையுமா?

குறையும், எவ்வளவு என்பது ரெகுலேட்டரைப் பொறுத்தது. பழைய பெட்டி ரெகுலேட்டர் ஃபேனோடு தொடரிணைப்பில் ஒரு மின்தடையைச் சேர்க்கிறது. மிச்சமாக வேண்டியதில் ஒரு பகுதி அந்தப் பெட்டியின் சூடாகப் போகிறது. தொட்டால் தெரியும். இப்போதைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்தச் சூடு மிகக் குறைவு.

ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு ராத்திரியில் மினுக் மினுக்கென்கிறது. பேய் என்கிறாள் பாட்டி.

பேய் இல்லை பாட்டி, கசிவு. எல்இடி பல்புக்குத் துளி கரண்ட் போதும். ஒரே பைப்பில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் வயர்களுக்கிடையே, தொடாமலே, ஏசி கொஞ்சம் தாவும். அது பல்புக்குள் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கியில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, நிறைந்ததும் ஒரு மினுக்கு. ஸ்விட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகவும் கசியும்; அதில் ஆபத்தில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதைத்தான் பார்க்க வேண்டும். வயர்மேன் ஸ்விட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் முழு 230 நிற்கும். பல்பு மாற்றுகிறேன் என்று ஸ்டூலில் ஏறுபவருக்கு ஸ்விட்ச் அணைந்திருப்பதுதான் தெரியும். ஸ்விட்ச் போர்டைத் திறந்து டெஸ்டரால் பார்க்க எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை பல்பு மாற்ற வேண்டுமென்றால் மெயினை இறக்கிவிட்டு மாற்றுங்கள்.